பாதி பார்த்துவிட்டுச் சொன்ன படம்

கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் வேலை செய்கிறேன். என்னோடு வேலை பார்க்கும் நசீமாவுக்கு அப்போது எட்டாம் மாதம். முதல் குழந்தை வயிற்றிலேயே தவறிவிட்டதால், லீவு போட்டுக் கொல்லங்கோட்டில் வீட்டோடு இருந்தாள். "பொழுதே போகலீங்கக்கா. ஓடிடியில ஏதாவது நல்ல படம் சொல்லுங்க" என்று போனில் கேட்டாள். நான் அப்போது பாதிவரை பார்த்திருந்த சிரிப்புப் படம் ஒன்றைச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மீதியைப் பார்த்தேன். கடைசியில் கதாநாயகி பிரசவத்தில் இறந்துபோகிறாள். உடனே நசீமாவைப் போனில் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. நாலைந்து தடவை முயன்றுவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் அவள் மாமியார் மட்டும் இருந்தார். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. காலையில ஏதோ படம் பாத்தா. அப்ப இருந்து கொழந்தை அசையலைன்னு ஒரே அழுகை" என்றார். என்ன படம் என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் கொடுத்த டீயைக் குடிக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து ஆட்டோவில் வந்து இறங்கினாள். "துடிப்பு நல்லா இருக்குதுங்கக்கா. பயத்துல எனக்குத்தான் அசைவு தெரியலையாம்" என்றாள். மாமியார் முன்னாலேயே, "அந்தப் படத்தைச் சொன்னது நான்தானுங்க" என்று ஒப்புக்கொண்டேன்.

இப்போது அவள் மகளுக்கு நாலு மாதம். கடைசிவரை பார்க்காத படத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை. நசீமா கேட்டால் மட்டும், அவள் வீட்டுக்கே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன்.