கேட்காமல் வெட்டிய காப்புறுதி

பிள்ளைகளே, இந்த வருடத் தொடக்கத்திலிருந்து உங்கள் அப்பா நான் ஏன் எந்த நேரமும் போனைக் காதில் வைத்துக்கொண்டு சிடுசிடுத்தபடி திரிந்தேன் என்று நீங்கள் மூன்று பேரும் கேட்டீர்கள். அப்போதெல்லாம் "பிறகு சொல்லுறன்" என்று தட்டிக்கழித்தேன். எழுதினால்தான் எனக்கே ஒழுங்காக விளங்கும் போலிருக்கிறது.

கிழமை நாட்களில் நான் குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். செவ்வாய்க்கிழமை பின்னேரங்களிலும் மாதத்தில் ஒரு சனி ஞாயிறும் இந்த நாட்டு ஆமியின் பகுதிநேர ரிசேர்வ் படையில் லொறி ஓட்டுகிறேன். இது உங்களுக்குத் தெரியும். நான் சேர்ந்தபோது குடோனில் என்னோடு வேலை செய்கிற நண்பன் விடாமல் பகிடி பண்ணினான். "ஊரில ஒரு ஆமிக்குப் பயந்து ஓடி வந்தனி. இப்ப இன்னொரு ஆமியின்ர லொறியை ஓட்டுறாய்." இங்கே லொறிக்கு சேர்விஸ் ஒழுங்காக நடக்கிறது மச்சான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

ரிசேர்வ் சம்பளச் சிட்டையில் நாலு ஆங்கில எழுத்தும் அதற்கெதிரே கழித்த ஒரு சிறு தொகையும் முதல் மாதத்திலிருந்தே இருந்தன. அது ஆயுள் காப்புறுதி, எல்லாருக்கும் வெட்டுவார்கள் என்று கூட இருந்த ஒருவர் சொன்னார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. காரணம், எனக்குத் தெரிந்த காப்புறுதி எல்லாம் ஊரில் வீட்டுக்கு வந்து தவணை வாங்கிப்போகும் ஏஜென்டின் காப்புறுதிதான். பதினைந்து வருடமோ இருபது வருடமோ கட்டினால், உயிரோடு இருக்கிறவனுக்கு மொத்தமாகக் காசு வரும். இதுவும் அப்படித்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். உங்கள் அம்மா சிட்டையைக் காட்டிக் கேட்டபோதெல்லாம், அது ஒரு பக்கம் சேர்ந்துகொண்டிருக்கிறது, விடும் என்று சொன்னேன். நாலு வருடமாகச் சொன்னேன். அவவும் அந்தக் காசை நம்பி, பிளாக்டவுனில் ஒரு கடையில் குசினியைப் புதுப்பிக்கத் தரை ஓடு கூடப் பார்த்து வைத்திருந்தா.

இந்த வருடம்தான், எப்போது முதிரும் என்று கேட்கலாமென்று காப்புறுதிக் கொம்பனிக்குப் போன் எடுத்தேன். மறுபக்கத்தில் இருந்த பெண் என் கேள்வியைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். பிறகு மிக மரியாதையாக, அதற்கு நீங்கள் இறக்கவேண்டும் சேர் என்றாள். இறக்காவிட்டால் என்று கேட்டேன். இறக்காவிட்டால் ஒன்றும் இல்லை என்றாள். பக்கத்தில் நூடில்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த மூத்த பிள்ளை, நீதான், "அப்பா, இட்ஸ் நொட் அ சேவிங்ஸ் அக்கவுண்ட்" என்று சிரித்தாய். அன்றைக்கு உன்னை ஏசினதற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். ஏச்சு வாங்கவேண்டிய ஆள் நான்தான்.

பிழை என்னுடையது என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் எங்கேயும் கையெழுத்து வைக்கவில்லையே. அதைக் கேட்டால், படையில் சேர்ந்தவுடன் அது தானாகவே தொடங்கும், வேண்டாமென்றால் அறுபது நாளுக்குள் சொல்லியிருக்கவேண்டும், ஈமெயில் அனுப்பினோம் என்றார்கள். எந்த ஈமெயில்? படை டிப்போவில் இருக்கிற கம்பியூட்டரில் மட்டும் திறக்கிற ஈமெயில். அதை நான் செவ்வாய்க்கிழமைகளில் மூன்று பேருக்குப் பின்னால் வரிசையில் நின்றுதான் பார்க்கலாம். தேடிப் பார்த்தேன். டயர் மாற்றுகிற அறிவித்தலுக்கும் பார்பிகியூ அழைப்பிதழுக்கும் நடுவில் கிடந்தது. ஒன்றும் சொல்லாமல் இருந்தால் சம்மதமாம். பெண் கேட்டு வந்தவர்கள்கூட இரண்டாம் தரம் கேட்பார்களே.

சரி, இனி வெட்டவேண்டாம் என்று சொன்னேன். அங்கேதான் கூத்துத் தொடங்கியது. வெட்டுவது சம்பளப் பகுதி, அவர்களிடம் சொல்லுங்கள் என்றது கொம்பனி. கொம்பனி சொல்வதைத்தான் நாங்கள் வெட்டுகிறோம், அவர்களிடம் சொல்லுங்கள் என்றது சம்பளப் பகுதி. நாலு மாதம் இப்படி. குடோனில் தேத்தண்ணிக்கு விடுவது பதினைந்து நிமிடம். அதில் பன்னிரண்டு நிமிடம், காத்திருக்கச் சொல்லி அவர்கள் போனில் போடுகிற பாட்டைக் கேட்பேன். மிச்ச மூன்று நிமிடத்தில் பிறந்த திகதி, விலாசம், படை இலக்கம் எல்லாம் சொல்லி முடிக்க மணி அடித்துவிடும். ஒரு முறை ஒரு பெண் என் இலக்கத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, அப்படி ஒருவர் இல்லை என்றாள். இல்லாத ஆளின் சம்பளத்தில் எப்படி வெட்டினீர்கள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் கேட்டேன். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவளோடு கோபப்படவும் முடியவில்லை.

அம்மாவின் கணக்கு வேறு. "நீங்கள் அவையோட கதைச்ச நேரத்துக்கு ஓவர்டைம் செய்திருந்தா என்ர குசினி எப்பவோ முடிஞ்சிருக்கும்" என்றா.

கடைசியில் ஒரு படிவம் வந்தது. ஒரே ஒரு பக்கம். மேசையில் வைத்து, வென்றுவிட்ட ஆள் போலக் கையெழுத்து வைத்தேன். அம்மா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவ. மருந்துச் சிட்டைகளை வாசித்து வாசித்து, எந்தக் காகிதத்தையும் அடி வரைக்கும் வாசிப்பா. இதையும் வாசித்தா. அடியில், காப்புறுதியை விட்டுவிட்டுத் திரும்ப எடுக்க விரும்பினால் உடல்நிலை பார்த்துத்தான் தருவோம் என்று ஒரு வரி இருந்தது.

"இஞ்ச பாருங்கோ. உங்களுக்கு இப்ப சீனி வருத்தம் இருக்கெல்லோ" என்றா.

போன வருடம் குவேக்கர்ஸ் ஹில் டொக்டர் இரத்தம் சோதித்துக் கண்டுபிடித்த நீரிழிவு அது. படையில் சேர்ந்தபோது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. குடோன் வேலையோடு இருந்த சிறிய காப்புறுதியும் என்னை வேலைக்கு அனுப்பும் ஏஜென்சியை நான் மாற்றியபோது போய்விட்டது. அடுத்த நாள் வேறு இரண்டு கொம்பனிகளிடம் விசாரித்தேன். ஒன்று சீனி என்றதும் மாட்டோம் என்றது. மற்றது சொன்ன தொகை இப்போது வெட்டுவதைப் போல நாலு மடங்கு. ஆக, என்னை ஒன்றும் கேட்காமல் சேர்த்ததால்தான் எனக்குக் காப்புறுதியே இருந்திருக்கிறது. அதை அறுத்தெறியத்தான் நான் நாலு மாதம் சண்டை பிடித்திருக்கிறேன்.

அது விளங்கிய பிறகும் எனக்கு விட மனமில்லை. கேட்காமல் வெட்டினது வெட்டினதுதான், இவ்வளவு அலைந்துவிட்டு இப்போது பேசாமல் இருப்பதா என்று சத்தம் போட்டேன். அம்மா சத்தம் போடவில்லை.

"நான் உங்கட கோபத்தைப் பிழையெண்டு சொல்லேல்லை. நாளைக்கு அந்த லொறி பிரண்டு உங்களுக்கு ஒண்டு நடந்தா, இந்த வீட்டுக் கடனை நான் என்னெண்டு கட்டுறது? மூண்டு பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு எங்க போறது?"

படிவத்தை அனுப்பவில்லை.

ஆனால் அதோடு ஒன்று உறைத்தது. இத்தனை போனிலும் நான் கேட்டது எப்படி நிறுத்துவது என்று மட்டும்தான். நான் போனால் காசு யாருக்கு வரும் என்று ஒரு தரமும் கேட்கவில்லை. கேட்டேன். காசு பெறுகிறவரின் பெயர் எழுதும் பின்னுரித்தாளி என்ற இடம் நாலு வருடமாக வெறுமையாகக் கிடந்திருக்கிறது. காசை வெட்டத் தெரிந்தவர்களுக்கு அதை நிரப்பச் சொல்லத் தெரியவில்லை. அதற்கும் ஒரு படிவம். அம்மாவையும் உங்களையும் எழுதினால் குடும்பப் பெயர் ஒத்துவரவில்லையாம். என் குடும்பப் பெயராக அவர்கள் வைத்திருப்பது என் அப்பாவின் பெயர். உங்கள் குடும்பப் பெயர் என் பெயர். எங்கள் ஆட்கள் வழக்கம் அதுதான் என்று விளக்கிக் கடிதம் எழுதி, நூலகத்தில் சனிக்கிழமை உட்கார்ந்து பத்திரங்களை உறுதிப்படுத்தும் ஜே.பி.யிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இவர்கள் உங்களுக்குச் சொந்தமா என்று கேட்டார். பிறப்பத்தாட்சிப் பத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன்.

போன கிழமை பதில் வந்தது. உங்கள் நாலு பேரின் பெயரும் சரியாக இருக்கிறது. மேலே, எங்களைத் தெரிவு செய்ததற்கு நன்றி என்று போட்டிருக்கிறார்கள். யார் தெரிவு செய்தது? இன்னும் கோபம் அடங்கவில்லை. டிப்போவில் புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவரையும் பிடித்து, முதலில் அந்த ஈமெயிலைத் திற, வேண்டுமா வேண்டாமா என்று நீயே சொல்லு என்கிறேன். சிலர் என்னைக் கண்டால் ஒதுங்குகிறார்கள்.

கடிதத்தைக் கறுப்புக் கோப்பில் கார் பத்திரங்களுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். எப்போதாவது நீங்கள் அதில் இருக்கிற கொம்பனி இலக்கத்துக்குப் போன் எடுக்கவேண்டி வந்தால், அம்மாவை எடுக்கவிடாதீர்கள், உங்களில் ஒருவர் எடுங்கள். சம்பளப் பகுதியைக் கேளுங்கள் என்பார்கள். போகாதீர்கள். பாட்டுப் போடுவார்கள். போனை வைக்காதீர்கள்.