முப்பத்தோராம் மான்

வேட்டைக்காரர்கள் சுட்டுக் கொண்டுவரும் மான்கறி, இறைச்சி இன்ஸ்பெக்டரான அவர் முத்திரை இல்லாமல் எந்த வீட்டு அடுப்பிலும் ஏறாது. மானின் நாக்கிலிருந்து கடுகளவு தசை வெட்டுவார். இரண்டு கனத்த கண்ணாடிகளுக்கு இடையே வைத்துத் திருகி நசுக்குவார். பிறகு நுண்ணோக்கியில் குனிவார். வேகாத கறி வழியாகத் தின்பவர் தசையிலும் குடியேறும் தசைப்புழு இருந்தால், உறைக்குள் சுருண்டு கிடக்கும். முப்பது வருடமாக அவர் கண்ணுக்கு ஒன்றும் தப்பியதில்லை. 'கண்ணாடிக்காரர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

முத்திரை குத்துமுன் அதே மானின் ஒரு துண்டை அலுவலக அடுப்பில் லேசாக வாட்டித் தின்பார். உள்ளே சிவப்பு மாறியிருக்காது.

"நான் வாயில வைக்காததை ஊரைச் சாப்பிடச் சொல்லமாட்டேன்."

மரபணுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் மகள் கேலி செய்வாள். "நீங்க இன்ஸ்பெக்டரா, சமையல்காரராப்பா?"

"உன் மெஷினுக்கு நாக்கு இருக்கா? போடி!"

அந்தக் குளிர்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. இமைகள் வீங்கின. கெண்டைக்கால் கல்லாய் இறுகியது. டாக்டர் அங்கிருந்து கடுகளவு தசை எடுத்தார். குப்பியை மகளே வாங்கிப் போனாள்.

ஒவ்வொரு மானிலும் மிஞ்சிய தசையை எண் போட்டு உறையவைப்பது அவர் வழக்கம். அந்த வேட்டைப் பருவத்து டப்பாக்கள் அத்தனையையும் திறந்தாள். புழுவின் மரபணுத் துண்டைத் தேடி, மெஷினில் பல படிகளாகப் பெருக்கினாள். நான்காம் நாள் மதியம் கட்டிலருகே வந்து உட்கார்ந்தாள்.

"முப்பத்தொண்ணாம் நம்பர்ப்பா. உங்க கால்ல இருக்கிற அதே புழு. மரபணு வரிசையில ஒரு எழுத்துகூட மாறல."

"ரெண்டு தடவை பார்த்தேனே. சுத்தமா இருந்துச்சே."

"இந்த இனம் உறை கட்டாது. நசுக்கினா நாரோட நாரா மறைஞ்சிடும். உங்க கண்ணு மேல தப்பில்ல."

"முத்திரை என்னோடதுதானே?" மூச்சு வாங்கியது. "எழுது. அந்த மான் ஏழு பங்காச்சு. ஒவ்வொருத்தரையும் இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லணும். சுட்டவனுக்கு ரெண்டு. அவன் தம்பிக்கு ஒண்ணு. தையல்காரர், டிரைவர், நம்ம பக்கத்து வீட்டம்மா…"

ஆறு பங்கு ஆயிற்று. அவர் நிறுத்தினார். ஏழாவது பங்கைத் தன் கையாலேயே பொட்டலம் கட்டிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது.

"நல்லா வேகவெச்சியா?"

மகள் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். "நீங்க சொல்லிக்குடுத்த மாதிரிதாம்பா வாட்டினேன்."

"இப்படி வெளிச்சத்துக்கு வா."

ஜன்னல் பக்கம் வந்து குனிந்தாள். நுண்ணோக்கிக்குள் பார்ப்பதுபோல ஒரு கண்ணை இடுக்கி, அவள் இமைகளை வெகுநேரம் பார்த்தார்.