பூசைக்கு முந்திய மாத்திரை

என் அண்ணி பிலோமினாள் ஆனையூரில் வசிப்பவர். மிஷன் பள்ளியில் கணிதமும், ஞாயிறுதோறும் தேவாலயத்தில் சிறுவர்களுக்கு மறைக்கல்வியும் கற்பிப்பவர். அவருடைய தந்தையும் அண்ணன் ஜூடும் அறுபது வயதைக் காணாமலே மாரடைப்பில் மறைந்தனர். ஐம்பதைக் கடந்ததிலிருந்து, மாடிப்படி ஏறும்போதெல்லாம் அண்ணியின் கை தானாக நெஞ்சுக்குப் போகும்.

சென்ற ஆண்டு இரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பு மிகுந்திருந்தது. தைராய்டும் சற்றே மந்தம். கோரிப்பாளையத்து டாக்டர் ஆன்மேரி தைராய்டுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"தைராய்டு சரியானா கொழுப்பும் கொஞ்சம் இறங்கலாம், டீச்சர். வெறும் வயித்துல சாப்பிடுங்க."

'கொஞ்சம்' என்ற சொல் அண்ணியின் காதில் விழவில்லை. சில மாதங்களுக்குப் பின் மறுபடி சோதித்தபோது இரண்டுமே அசைந்திருக்கவில்லை. அண்ணிக்கு உறக்கம் கெட்டது.

"ஏங்க, மாத்திரைக்கே கேக்கலைன்னா அம்புட்டுத்தானா?" என்று என் அண்ணன் கிறிஸ்துராஜைக் கேட்டபடியே இருந்தார்.

அளவைக் கூட்டுமுன் டாக்டர் விசாரித்தார். "எப்ப சாப்பிடுறீங்க?"

"சர்ச்சுல காலைப் பூசை முடிஞ்சு வந்து, காபியோட."

"வெறும் வயித்துலன்னு சொன்னேனே!"

"அது வரைக்கும் வெறும் வயிறுதானே டாக்டர்? பூசையில நன்மை அப்பம் வாங்குறதுக்கு முன்னாடி வாயில எதுவும் படக் கூடாதே."

"காபி குடிச்சா மாத்திரை உடம்புல சரியாச் சேராது. நன்மைக்கு முன்னாடி தண்ணியும் மருந்தும் தடையே இல்ல. மறைக்கல்வி சொல்லிக் கொடுக்குற நீங்களே இப்படியா?"

உடன் வந்திருந்த அண்ணன் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை, வீணாய்ப் போன மாதங்களில் நெஞ்சுக்குள் என்னென்ன அடைத்திருக்குமோ என்று அஞ்சினார்.

அதன்பின் பூசைக்குக் கிளம்புமுன்பே தண்ணீருடன் மாத்திரை. அடுத்த அறிக்கையைப் பிரிக்கத் துணிவின்றி அண்ணனிடம் நீட்டினார். தைராய்டு சீராகியிருந்தது, கொழுப்போ சிறிதளவே இறங்கியிருந்தது.

"தைராய்டால ஏறினது இறங்கிருச்சு. மிச்சம் உங்க குடும்ப வாகு. அதுக்குத் தனி மாத்திரை தாரேன்," என்றார் டாக்டர்.

குடும்ப வாகு! வெளியே வந்ததும் அண்ணி ஜூடின் மகன் ஜெய்சனைக் கைபேசியில் அழைத்தார்.

"நாளைக்குக் காலையில ஒண்ணும் சாப்பிடாம வாடா. ரத்தம் குடுக்கணும்."

"எனக்கு முப்பதுதான் ஆகுது, அத்தை!" என்று அவன் சிரித்தான்.

"உங்க அப்பாவும் இப்படித்தான் சிரிச்சாரு."

மறுமுனையில் சிரிப்பு நின்றது. "வாரேன், அத்தை."