பூவிலிருந்து வழிந்த சொட்டு

அறுபதுகளில் ஸ்ரீரங்கத்தில் வீடு கட்டியபோது, வாசல் கேட்டின் பூவேலையை நானே வாட்டர் கலரில் வரைந்து பாலக்கரைப் பட்டறைக்காரரிடம் கொடுத்தேன். வாயை மறைக்கும் மீசை அவருக்கு. சோப்புப் போட்டுக் கைகழுவிய பிறகே படத்தைத் தொட்டார்.

"ஒரு கோடுகூட மாறக்கூடாது," என்றேன்.

மாறவில்லை. கேட்டை மாட்ட வந்தபோது பார்த்தேன். பூவிலிருந்து தவறுதலாக வழிந்திருந்த வர்ணச் சொட்டையும் இரும்பில் அடித்துத் தொங்கவிட்டிருந்தார்.

"முட்டாள்! அது தண்ணி அதிகமாகி ஒழுகினதுய்யா!"

"அப்படிங்களா? படத்துலயே அதுதாங்க அழகு. அறுத்துடட்டுங்களா?" ரம்பத்தை எடுத்தார்.

அதற்குள் எதிர்வீட்டுக்காரர் வந்துவிட்டார். "அடடா, பனித்துளி! யார் யோசனை சார்?"

"என்னுடையதுதான்," என்றேன்.

"ஐயாவோடதுதாங்க," என்று பட்டறைக்காரர் ரம்பத்தைப் பைக்குள் வைத்தார்.

வருகிறவர்களிடம் இன்றும் அதே பொய்யைத்தான் சொல்கிறேன். அன்று அவர் சிரித்தாரா என்பதை அந்த மீசை காட்டவில்லை.