புளி போட்டுத் தேய்த்த மட்கார்டு

யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முன்பு, ஆயுத பூஜைக்கு முதல் நாள், என் கையிலிருந்து கார் சாவி போயிற்று. அந்த வருஷம் நவராத்திரி புரட்டாசிக் கடைசியில் வந்தது. அதற்குள் சாயங்கால மழையும் பிடித்துக்கொண்டது. அப்போது சிம்மக்கல்லில் ஒரு பருத்தி வியாபாரியிடம் டிரைவராக இருந்தேன். நல்ல கறுப்பு நிறக் கார். வெயிலில் நின்றால் எதிர்க்கடைப் பெயர்ப்பலகையை அதன் மட்கார்டில் திருப்பிப் படிக்கலாம்.

அதற்கு முந்தின நாள் மாலை முதலாளியை அழகர்கோவிலுக்குக் கூட்டிப்போய்த் திரும்பும்போது இருட்டிவிட்டது. மழை விட்ட தரையிலிருந்து ஈசல் கிளம்பி ஹெட்லைட்டைப் பார்த்து வந்து மோதியது. வீடு வந்து சேர்ந்தபோது பானட்டிலும் மட்கார்டிலும் இறகும் உடம்புமாக அப்பிக் கிடந்தன.

பூச்சியின் சாறு காய்ந்தால் பசையாகிவிடும். நகத்தால் சுரண்டினால் பூச்சியோடு பெயிண்டும் வரும். அப்படியே விட்டாலும் சாறு பெயிண்டை அரிக்கும். வாசகசாலைக்கு வரும் ஓர் இங்கிலீஷ் மோட்டார் பத்திரிகையில் இதைப் படித்திருந்தேன். நான் செய்துவந்த வழி இதுதான்: வண்டியை நிழலில் நிறுத்தி, பழைய வேட்டித் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பூச்சியின் மேல் போர்த்திவிட வேண்டும். காயக் காயத் தண்ணீர் தெளிக்க வேண்டும். பூச்சி ஊறித் தானாக இளகும். அப்போது ஒரே திசையில் மெல்ல வழித்தெடுத்து, துணியை அலசி, பூவந்திக்கொட்டை நுரையால் கழுவலாம். எண்ணெய்க் கறை மிஞ்சினால் துணியில் ஒரு சொட்டுச் சீமெண்ணெய் தொட்டுத் துடைத்து, உடனே கழுவிவிட வேண்டும். மண்ணும் நாரும் கிட்டே வரக்கூடாது.

மறுநாள் காலை அப்படித்தான் துணியைப் போர்த்திவிட்டுச் சாப்பிடப் போனேன்.

முதலாளியம்மாவின் தம்பி அந்த வீட்டிலேயே இருந்தார். பூஜைக்கு வைக்கும் பித்தளைச் சாமான்களை வீட்டு ஆள்தான் துலக்க வேண்டும், கூலியாள் தொடக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். தராசுத் தட்டு, எடைக்கல், குத்துவிளக்கு எல்லாவற்றையும் அவரே வாசலில் உட்கார்ந்து புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். காரும் பூஜைக்கு உரியதுதானே! நான் திரும்பி வந்தபோது என் துணி தரையில் கிடந்தது. வலது மட்கார்டில் பூச்சி இல்லை; பளபளப்பும் இல்லை. வட்டம் வட்டமாகத் தேய்ந்து, சாம்பல் பூத்துக் கிடந்தது.

நான் வாய் திறக்குமுன் அவர் முதலாளியிடம் போய்விட்டார். "மச்சான், ஒங்க டைவரு ராத்திரி போத்துன ஈரத்துணிய இன்னும் எடுக்கல. பெயிண்டு ஊறிக் கழண்டு போச்சு. அரிசியா பருப்பா, ஊற வைக்கிறதுக்கு?"

"இல்ல மொதலாளி, அண்ணன் புளி போட்டுத் தேய்ச்சிருக்காரு" என்றேன்.

"நான் தராசத்தான்டா தேய்ச்சேன்!" என்றார். பிறகு கூலியாட்கள் பக்கம் திரும்பி, "புஸ்தகம் படிச்சுக் காரு தொடைக்கிறவன் இவன் ஒருத்தன்தாம்ப்பா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

முதலாளி சாவியைக் கேட்டார். கொடுத்தேன். அன்றே பழங்காநத்தத்தில் பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் பொதி நிறுக்க என்னைப் போட்டார்கள். வண்டி பட்டறைக்குப் போய்ப் புதுப் பெயிண்ட் அடித்து வந்தது. தம்பி தாமே ஓட்டினார். கிட்டங்கிக்கு வரும்போதெல்லாம் என்னைக் கண்டால் ஹாரனை இரண்டு தடவை அமுக்குவார். பஞ்சுத் தூசியில் இருமிக்கொண்டே அதைக் கேட்பேன். அந்த ஸ்டீயரிங்கில் மறுபடி உட்காராமல் வேறு எவனிடமும் வேலைக்குப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

அடுத்த வருஷம் நவராத்திரி முன்னதாகவே வந்துவிட்டது. ஆயுத பூஜைக்கு முதல் நாள், கிட்டங்கியின் பெரிய தராசைத் துலக்குவதற்காகக் கட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு சிம்மக்கல் போனேன். வாசலில், உச்சி வெயிலில் கார் நின்றது. பானட் முழுக்க ஈசல், காய்ந்து கருவாடாகி இருந்தது. தம்பி வலது மட்கார்டுக்கு முன் குத்தவைத்து, கையில் தேங்காய் நாரும் பக்கத்தில் புளிச் சட்டியுமாக இருந்தார். ஈரத்துணிதான் கெடுத்தது என்று ஊருக்குச் சொல்லிச் சொல்லி, அதைத் தாமே நம்பிவிட்டிருந்தார். இந்தத் தடவை துணி இல்லை, புளியும் செங்கல் பொடியும் மட்டும்தான்.

"என்ன டைவரு, ஈரத்துணி கொண்டாந்திருக்கியா?"

அவர் இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் மட்கார்டு பிழைத்திருக்கும்.

"இல்லண்ணே. நீங்க தேய்ங்க. காஞ்சு போயிருக்கு, நல்லா அழுத்தித் தேய்ங்க" என்றேன்.

தராசை இறக்கி வைத்தேன். மாடிக்குப் போனேன். முதலாளி அப்போதுதான் சாப்பிட்டு முடித்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். நான் அவசரப்படுத்தவில்லை. அவர் மென்று முடிக்கட்டும் என்று கைகட்டி நின்றேன். கீழே நார் கரகரவென்று ஓடும் சத்தம் கேட்டது. அதைவிட இனிமையான சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

"மொதலாளி, அண்ணன் காரு மினுக்குறாரு. கீழ வந்து பாருங்க."

வந்து பார்த்தார். மட்கார்டில் அதே வட்டங்கள். செங்கல் கரைந்து சிவப்பாக வழிந்தது.

"மாப்ள, என்னய்யா பண்ணிட்டு இருக்க?"

"பூச்சி போகணும்ல மச்சான்."

"போன வருசமும் இதத்தான் போட்டியா?"

தம்பி நாரைக் கீழே வைத்தார். "கொஞ்சூண்டுதான் மச்சான்…"

"அம்புட்டு நல்லா இருக்குண்ணே, காருக்குத் திருநீறு பூசுனாப்ல" என்றான் ஒரு கூலியாள். இந்தத் தடவையும் எல்லாரும் சிரித்தார்கள்.

முதலாளி, மைத்துனரின் இடுப்பில் தொங்கிய சாவியைக் காட்டி, "சாவிய அவன்கிட்ட குடு" என்றார். அவர் சாவியை என் காலடியில் போட்டார். நான் குனியவில்லை. "கையில குடுக்கச் சொல்லுங்க மொதலாளி" என்றேன். எடுத்துக் கையில் கொடுத்தார்.

"பூசைக்குள்ள மிச்சத்தையாவது சரி பண்ணுப்பா" என்றார் முதலாளி.

"பண்ணிரலாம். தண்ணி ஊத்த ஒரு ஆள் வேணும். வீட்டு ஆளாத்தான் இருக்கணும்ல?"

வண்டியை நிழலுக்கு ஓட்டி, பானட்டில் துணியைப் போர்த்தினேன். தம்பி செம்பும் வாளியுமாகப் பக்கத்தில் நின்றார். வெயிலில் காய்ந்த பூச்சி ஊற நேரம் பிடிக்கும். அது உண்மைதான். ஆனால் ஊறி முடிந்த பிறகும் விடவில்லை. "இன்னும் ஊறலண்ணே. ஊத்துங்க." அவர் ஊற்றினார். தெருவில் போன பருத்தி வியாபாரிகள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு துணியை எடுத்து ஒரே வழிப்பில் வழித்தேன். கீழே கறுப்பு, கீறலில்லாமல், ஈரமாக மின்னியது. அவரைக் குனிந்து பார்க்கச் சொன்னேன். பார்த்தார்.

பூஜை முடிந்ததும், வலது மட்கார்டுக்கு மட்டும் பெயிண்ட் அடித்துவிடலாமா என்று முதலாளி கேட்டார். ஒரு மட்கார்டுக்கு மட்டும் அடித்தால் நிறம் சேராது, அசிங்கமாகத் தெரியும் என்று சொல்லித் தட்டிவிட்டேன். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் வண்டி ஷெட்டில் ஏறும்வரை அந்த வட்டங்கள் அப்படியே இருந்தன. தம்பி எங்காவது போக வேண்டுமென்றால் இடது பக்கமாகச் சுற்றி வந்து ஏறுவார். அதனால் தினமும் காலையில் வண்டியை எடுத்து, வலது மட்கார்டு வீட்டு வாசலைப் பார்க்கும்படி திருப்பி நிறுத்திவிட்டு, ஹாரனை இரண்டு தடவை அமுக்குவேன்.