காளியாயி விரல் காட்டிய இடம்

காளியாயிக்கு ஐம்பத்திரண்டு வயது. கொடைக்கானல் பஸ் வந்து திரும்பும் கடைசி இடத்திலிருந்து எட்டு கிலோமீட்டர் காட்டுப்பாதையில் இறங்கினால் வரும் பலாக்குழிதான் அவள் பிறந்ததும் வாக்கப்பட்டதும். காப்பிப்பழம் பறிப்பாள், மலைவாழைக்கு மண் அணைப்பாள். அஞ்சாம் வகுப்பு வரை படித்திருந்ததால் நூறு நாள் வேலையின் வருகைப் பதிவேடு அவள் கையில் இருந்தது. அவள் விரல் காட்டிய கட்டத்தில் ஊரே கையெழுத்துப் போடும். போடத் தெரியாதவர்கள் ரேகை வைப்பார்கள். பதினாலு வருஷத்தில் வராத ஒருத்தரை வந்ததாக அவள் எழுதியதில்லை. அந்த நல்ல பெயர்தான் பின்னால் அவளைக் கவிழ்த்தது.

பலாக்குழிக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. எல்லைக்கல்லிலிருந்து ஊரின் கடைசி வீடு வரை மொத்த மண்ணும் கோயில் என்று அவர்களுக்கு நினைப்பு. ஆகவே கல்லுக்கு இந்தப் பக்கம் வெறுங்காலோடு நின்று ஒருவன் பொய் சொல்ல மாட்டான் என்பதும் நினைப்பு. வேலித் தகராறோ, வாழைத்தார் காணாமல் போனதோ, இரண்டு பேரையும் கல்லுக்கு உள்ளே நிறுத்திக் கேட்பார்கள். சொன்னது சொன்னதுதான். எழுதி வாங்குகிற பழக்கமே கிடையாது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். போலீஸ் ஸ்டேஷன் இல்லாமல் அந்த ஊர் இத்தனை காலம் ஓடியது இதை வைத்துத்தான்.

ரோடு இல்லாததால் நோயாளிகளைக் கம்பளியில் கிடத்தி, கம்பில் கட்டி, நான்கு பேர் தூக்கிக்கொண்டு போவார்கள். டோலி என்பார்கள். காளியாயியின் அண்ணன் நெஞ்சுவலியோடு அப்படித்தான் போனார். பாதி ஏற்றத்திலேயே மூச்சு நின்றுவிட்டது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு காளியாயி ஊரைக் கூட்டி, ரோடு வராமல் இனி ஓட்டு இல்லை என்றாள். ஊரும் சரி என்றது. இரண்டு தேர்தலுக்குக் குதிரையில் வந்த ஓட்டு மிஷின் ஒரு ஓட்டும் விழாமல் குதிரையிலேயே திரும்பிப் போனது. பேப்பரில்கூட வந்தது.

மூன்றாவது தேர்தலுக்கு ராஜேஷ்குமார் வந்தான். அப்போது வெறும் வேட்பாளர். எல்லைக்கல்லுக்கு நூறு அடி முன்னாலேயே ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். கல்லிலும் முள்ளிலும் கால் வைத்து, பழக்கமில்லாத நடையில் தாங்கித் தாங்கி வந்தான். ஓட்டுக் கேட்க வருகிறவன் எல்லாம் இரண்டு கையை மட்டும்தான் கூப்புவான். இவன் காலையும் சேர்த்துக்கொண்டான். ஊர் வழக்கத்தை முன்கூட்டியே விசாரித்துத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறான் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

"ஒரு வருசத்துல இந்தக் கல்லு வரைக்கும் ரோடு போட்டுத் தாரேன். வெறுங்காலோட நின்னு சொல்றேன், தாயி," என்றான், கல்லுக்கு உள்ளே நின்று காளியாயியைப் பார்த்து. குதிகாலில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவளுக்கு அண்ணன் ஞாபகம் வந்து கண் நிறைந்தது. தானே மஞ்சள் அரைத்து வந்து கொடுத்தாள்.

காட்டுக்குள் ரோடு போட ஊரின் சம்மதம் வேண்டுமாம். அவன் ஆள் ஒருவன் பத்துப் பதினைந்து தாள்களை அவளிடம் கொடுத்தான். கீழே கையெழுத்துக்குக் கட்டம், மேலே பாதித் தாள் வெறுமையாக இருந்தது.

"மேல ஒண்ணும் எழுதலையே?" என்று அவள் கேட்டது உண்மை.

"அதக் கெவர்மெண்டு பாஷையில ஆபீஸ்ல எழுதிக்குவாங்கக்கா. நீங்க வெரசா கையெழுத்த மட்டும் வாங்கிக் குடுங்க."

வாங்கிக் கொடுத்தாள். அறுபத்தெட்டு வீடும் ஏறி இறங்கினாள். முதல் கையெழுத்து அவளுடையது. அண்ணன் பெண்டாட்டி பாப்பம்மாள் மட்டும் தயங்கினாள். "அண்ணன் டோலியில போனாருல்ல மதினி, இனி ஒருத்தரு அப்பிடிப் போகக்கூடாதுல்ல," என்றாள் காளியாயி. பாப்பம்மாள் கட்டைவிரலை நீட்டினாள். அந்தத் தேர்தலில் ஊர் ஓட்டு ஒன்று விடாமல் ராஜேஷ்குமாருக்கு விழுந்தது. அவன் ஜெயித்து, அமைச்சரும் ஆனான்.

ரோடு வராமல் இல்லை, வந்தது. மண் தள்ளும் மிஷின் சத்தம் கேட்டு ஊரே மேட்டில் ஏறி நின்று பார்த்தது. எல்லைக்கல்லுக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால் அது இடது பக்கம் வளைந்து ஊற்றுமேட்டுக்குப் போய் நின்றுவிட்டது. பலாக்குழி மாடுகள் மேய்கிற பொது நிலம் அது. ஊருக்குக் குடிதண்ணீர் வருவதும் அங்கிருந்துதான். இரண்டே வாரத்தில் சுற்றித் தகரம் அடித்தார்கள். அமைச்சரின் மச்சினன் விடுதி கட்டப் போகிறானாம், கண்ணாடிச் சுவர் வைத்து, மேகத்தைப் பார்க்க.

காளியாயி தாலுகா ஆபீசுக்குப் போனாள். சுசித்ரா என்று ஒரு கிளார்க் பெண், புதிதாக வேலைக்கு வந்தவள், ஃபைலைத் திருப்பிக் காட்டினாள். ஊற்றுமேட்டை விடுதிக்குக் குத்தகைக்கு விடலாம் என்றும், ரோட்டை அதுவரை போட்டால் போதும் என்றும் பலாக்குழி மக்கள் மனமாரச் சம்மதிக்கிறார்களாம். கீழே வரிசையாகக் கையெழுத்துகள். காளியாயி எழுத்துக் கூட்டிப் படித்தாள். முதலில் அவள் பெயர். ராஜேஷ்குமார் ஏமாற்றியதைவிட, அதற்குத் தன் விரலை வாடகைக்கு எடுத்தான் என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"முப்பது நாளைக்குள்ள ஊர்ல பாதிப் பேருக்கு மேல ஆட்சேபணை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, இதத் திரும்ப விசாரிச்சே ஆகணும்," என்று சுசித்ரா குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "நான் சொன்னேன்னு சொல்லிறாதீங்கம்மா."

விடுதிக்கு அடிக்கல் நாட்ட அமைச்சர் வந்த அன்று காளியாயி ஊற்றுமேட்டுக்குப் போய் வழியில் நின்றாள். அவன் அவளை மறக்கவில்லை. அதுதான் இன்னும் கொடுமை. காரை நிறுத்தி இறங்கி வந்து கும்பிட்டான்.

"நல்லாருக்கீங்களா தாயி? ரோடு வந்துருச்சு பாத்தீங்களா?"

"கல்லு வரைக்கும்னு சொன்னீங்களே."

"படிப்படியா வரும் தாயி. மூணு கிலோமீட்டர்தான கெடக்கு."

"வெறுங்கால்ல நின்னு சொன்னீங்க."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை, அவ்வளவு கெட்டிக்காரன். "அந்தப் பேப்பர் எல்லாம் அதிகாரிங்க சோலி தாயி. நான் எந்த மீட்டிங் போனாலும் ஒங்க பேரத்தான் மொதல்ல சொல்றேன்," என்று சொல்லிவிட்டுப் போய் அடிக்கல்லில் கை வைத்தான். சட்டம் கையில் இருப்பவன் ஊர் நிலத்தை எடுத்துக்கொள்வதை நாம் பார்த்துப் பழகிவிட்டோம். பொய் சொல்ல அஞ்சுகிற இடம் ஒன்று ஊரில் மிச்சம் இருந்தது. அவன் அதையும் எடுத்துக்கொண்டான். அதற்கு எந்த ஆபீசில் போய் ஆட்சேபணை கொடுப்பது?

காளியாயி நிலத்துக்காவது ஆட்சேபணை கொடுத்துப் பார்க்கத் துணிந்தாள். இந்தத் தடவை மேலே முழுசாக எழுதி, சுசித்ராவிடம் சரிபார்த்து, ஒரு வரியும் காலியாக விடாமல் கொண்டுவந்தாள். வெள்ளனே கிளம்பி மறுபடியும் வீடு வீடாகப் போனாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று வாய்விட்டுப் படித்தாள்.

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். ஒருத்தி மாடு பிடிக்கப் போகவேண்டும் என்றாள். ஒருவர் கண்ணாடி உடைந்துவிட்டது என்றார். "இதுல வச்சா இருக்குற வீட்டையும் எடுத்துக்கிருவாகளோ என்னமோ," என்று ஒரு பெண் கதவோரம் நின்று சொன்னாள். பெரியவர் ஒருவரிடம் எல்லைக்கல்லுக்கு உள்ளே நின்றுதானே பேசுகிறேன் என்று சொன்னதற்கு, "அவனும் உள்ளதான் ஆத்தா நின்னான்," என்றார். இருபத்தெட்டாவது நாள்வரை பதினோரு பேர்தான் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அவள் புருஷனையும் சேர்த்து.

கடைசியாகப் பாப்பம்மாள் வீடு. அவள் வாசலில் உட்கார்ந்து காப்பிக்கொட்டையில் கெட்டுப்போன கறுப்பைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். காளியாயி தாளை விரித்துப் படித்து முடிக்கும்வரை கையை நிறுத்தாமல் கேட்டாள்.

"மதினி, நீங்க ஒருத்தரு வச்சா, பாத்துட்டு மத்தவுகளும் வைப்பாக," என்றாள் காளியாயி.

பாப்பம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "அன்னைக்கு ஒங்க அண்ணன் செத்ததச் சொல்லிக் கேட்ட. வச்சேன். இன்னைக்கும் அவரத்தான் சொல்ல வந்துருப்ப."

காளியாயி அதைத்தான் சொல்ல வந்திருந்தாள். வழியெல்லாம் அதைத்தான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள்.

"ஒம் மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல, காளி," என்று பாப்பம்மாள் முறத்தை நகர்த்திவிட்டு எழுந்தாள். "உள்ள வா, காப்பி போடுறேன். அந்தப் பேப்பர வெளிய வச்சிட்டு வா."

இன்னும் இரண்டு நாள் இருந்தது. உள்ளே அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டது. காளியாயி தாளைக் கீழே வைக்கவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை.