பஸ்ஸுக்கு முன்னால் படுத்தவர்

துருவேறிய குண்டூசியை நகத்தால் பிடுங்கினால் காகிதம் கிழிந்துவிடும். திருமதி எய்ர்வென் புரோசர் வெண்ணெய்க் கத்தியை ஊசிக்கு அடியில் செருகி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மீனில் முள் எடுப்பதுபோல மெல்ல நெம்புகிறார். ஊசி வந்ததும் மூச்சை விடுகிறார். இதற்கென்றே காப்பகத்தில் தட்டையான கருவி ஒன்று கொடுத்திருக்கிறார்கள். அதை அவர் தொடுவதில்லை. "அது ஆஸ்பத்திரிச் சாமான் மாதிரி இருக்கு. இது எங்க வீட்டுக் கத்தி. அவசரப்படாது."

எடுத்த ஊசிகள் காலி ஜாம் புட்டிக்குள் விழுகின்றன. புட்டியை அவ்வப்போது குலுக்கிப் பார்ப்பார். எதிரே உட்கார்ந்திருக்கும் போதகர் ஹேன்டல் திடுக்கிட்டுத் தலையைத் தூக்குவார். அதற்காகத்தான் குலுக்குவது.

புதன்கிழமை தவறாமல் இருவரும் மாவட்ட ஆவணக் காப்பகத்துக்கு வந்துவிடுகிறார்கள். தெற்கு வேல்ஸில் கும்தூலஸ் பள்ளத்தாக்கின் நிறவெறி எதிர்ப்புக் குழுவில் மிச்சமிருப்பவர்கள் இவர்கள்தான். தென்னாப்பிரிக்காவில் கறுப்பர்களுக்குத் தனி வாசல், தனி பஸ், தனி ஊர் என்று ஒதுக்கிவைத்திருந்த காலத்தில், இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு கைப்பிடி ஆட்கள் சனிக்கிழமைதோறும் கடைத்தெருவில் நின்று, அந்த நாட்டுப் பழத்தை வாங்காதீர்கள் என்று துண்டுப்பிரசுரம் கொடுத்தார்கள். ரக்பி அணி அங்கே போனால் மறித்தார்கள். அங்கிருந்து வந்தாலும் மறித்தார்கள். அந்தப் பிரசுரங்கள், தட்டிகள், உண்டியல்கள், எலி ஒரு மூலையைத் தின்ற பதாகை எல்லாம் எய்ர்வென் வீட்டு மாடிப்படிக்குக் கீழே பழப்பெட்டிகளில் கிடந்தன. காப்பகத்தில் கொண்டுவந்து இறக்கியபோது ஒரு பெட்டியின் மேல் தென்னாப்பிரிக்க ஆப்பிள் படம் பளபளத்தது.

"பெட்டி சும்மா கிடைச்சது. பழத்தைத்தானே வாங்கலை" என்றார் ஹேன்டல்.

எய்ர்வென் அப்போது பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தார். கரண்டி பிடித்த கை. சாப்பாட்டுக் கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கேட்கிற குரல். அந்தக் குரல் காப்பகத்தின் அமைதிக்குள் அடங்குவதற்கு நாளானது. ஒருநாள் கிடங்கில் பீச் பழ டின்களைத் திருப்பிப் பார்த்து, அவை எந்த நாட்டிலிருந்து வந்தவை என்று படித்துவிட்டு, ஒரு டின்னையும் திறக்க மாட்டேன் என்று நின்றுவிட்டார். அன்று பள்ளிக்கூடம் முழுக்க வெறும் கஸ்டர்ட் சாப்பிட்டது. பிள்ளைகள் கரண்டியால் மேசையைத் தட்டி, பீச் எங்கே, பீச் எங்கே என்று கூச்சல் போட்டார்கள். "எனக்கு எதிரா நடந்த ஒரே ஊர்வலம் அதுதான்" என்கிறார் பெருமையாக. இப்போதும் தெருவில் வழுக்கைத் தலையர்கள் அவரைக் கண்டால் நின்று, "எங்க பீச் எங்கே மிஸஸ் புரோசர்?" என்கிறார்கள். "வருது, வருது. உக்காரு" என்று சொல்லிக்கொண்டே போவார்.

காப்பகத்தில் அவருக்கு ஒரே ஒரு சட்டம். எதையும் அடிக்கக் கூடாது, யார் பெயரையும் மறைக்கக் கூடாது. படத்தில் இருக்கிற ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் வேண்டும். பெயர் இல்லாத முகத்தைப் பார்த்தால் திருவிழாவில் கைதவறிய குழந்தையைப் பார்ப்பதுபோலத் தவிப்பார். ஊர் முழுக்கத் தொலைபேசியில் கூப்பிட்டுத் தேடுவார்.

இந்தச் சட்டத்தில் முதலில் அடிபட்டவர் ஹேன்டல். ஒரு கூட்டக் குறிப்பில், அடுத்த சனிக்கிழமை மறியலைத் தள்ளிவைக்கலாம், அன்றைக்குத் தொலைக்காட்சியில் ரக்பி இருக்கிறது என்று ஹேன்டல் முன்மொழிந்ததாக எழுதியிருந்தது.

"மழைன்னு மாத்திடலாமே" என்றார் ஹேன்டல்.

"அன்னைக்கு மழையே இல்லை."

"நான் போதகர், எய்ர்வென். நூறு வருஷம் கழிச்சு எவனாவது படிச்சுட்டுச் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். படிக்கிறானே, அதைப் பாரு. நடந்தது நடந்ததுதான்."

அந்தத் தாள் அப்படியே உறைக்குள் போனது.

எய்ர்வெனைக் காப்பகத்துக்குக் கூட்டிவருவது கணவர் இட்வல். வண்டியை வாசலில் நிறுத்தி, அவர் இறங்கியதும் எதிர்ப்பக்கம் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டு, ஜன்னலை ஏற்றிவிட்டு, பிளாஸ்க்கோடு உட்கார்ந்துவிடுவார். உள்ளே வந்ததே இல்லை. "அது உங்க ஆளுங்க இடம்" என்பார். சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பள்ளத்தாக்கின் ஆண்கள் பாடகர் குழுவில் இரண்டாம் டெனர், அதாவது உச்சக் குரலுக்கு ஒரு படி கீழே பாடுகிறவர். அந்தக் குழுதான் ஒரு வசந்தகாலத்தில் தென்னாப்பிரிக்கா போய்ப் பாடிவர அழைப்பை ஏற்றது. அங்கே போய்ப் பாடுவது அந்த ஆட்சிக்குப் பல்லக்குத் தூக்குவது என்றார் எய்ர்வென். இட்வல் விமானமே ஏறியதில்லை, வெயில் என்றால் என்ன என்று தெரியாது. போவேன் என்றார்.

அதற்கப்புறம் நடந்ததை இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். விடிகாலையில் எய்ர்வென் முட்டை வைத்த ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கணவர் கையில் கொடுத்தார். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதும், தட்டியை எடுத்துக்கொண்டு குறுக்குவழியில் ஓடி, புறப்படத் தயாராக நின்ற பஸ்ஸுக்கு முன்னால் மல்லாந்து படுத்தார்.

"எழுந்திருங்க மிஸஸ் புரோசர், ஜலதோஷம் பிடிச்சுக்கும். உங்க வீட்டுக்காரர் கெஞ்சிக் கேக்கறார்" என்றான் போலீஸ்காரன்.

"இறங்கி வந்து கேக்கச் சொல்லு."

அவர் இறங்கவில்லை. இரண்டு போலீஸ்காரர்கள் எய்ர்வெனைத் தூக்கி நடைபாதையில் வைத்தார்கள். பஸ் போயிற்று. இட்வல் திரும்பி வரும்போது ஒரு மர ஒட்டகச்சிவிங்கி வாங்கிவந்தார். அந்த நாட்டுச் சரக்கு வீட்டுக்குள் வரக் கூடாது என்று அது தோட்டத்துக் கொட்டகைக்குப் போனது. தென்னாப்பிரிக்காவில் கறுப்பர்களும் சேர்ந்து எல்லோரும் முதல்முறையாக வாக்களித்த நாளன்று எய்ர்வென் அதைக் கொண்டுவந்து, சோப்புப் போட்டுக் கழுவி, அலமாரி மேல் வைத்தார். பஸ் கதை ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் வரும். எய்ர்வென் சொல்ல, பிள்ளைகள் சிரிக்க, இட்வல் வான்கோழியை வெட்டிக்கொண்டிருப்பார்.

போன மாதம் ஒரு புதன்கிழமை, காப்பகத்து லவ்ரி பெரிதாக்கிய ஒரு புகைப்படத்தை மேசைமேல் விரித்தாள். லவ்ரி வடக்கேயிருந்து வேலைக்கு வந்தவள். இந்த ஊர்க் கதை எதுவும் தெரியாது. கண்காட்சி வைக்கப்போகிறார்கள், நுழைந்ததும் எதிர்ச் சுவரில் இந்தப் படம், கீழே எல்லோர் பெயரும். உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் எடுத்தது. தரையில் எய்ர்வென், காலணி தூக்கலாக. போலீஸ்காரன் குனிந்து நிற்கிறான். பின்னால் பஸ். டிரைவர், பாடகர் குழுவை நடத்துபவர், ஜன்னல்களில் மேல்குரல் டெனர்களும் கீழ்க்குரல் பேஸ்களும். எய்ர்வென் ஒவ்வொரு முகத்தையும் விரலால் தொட்டுப் பெயர் சொல்ல, லவ்ரி பென்சிலால் எழுதினாள்.

"இவர்?"

மூன்றாவது ஜன்னல். முகத்தைப் பாட்டுப் புத்தகத்தால் மறைத்துக்கொண்டு ஒருவர். புத்தகத்தைப் பிடித்த கையில் மோதிர விரல் பாதிதான் இருந்தது. மீதி சுரங்கத்தில் போய்விட்டது.

எய்ர்வென் விரலை எடுத்துக்கொண்டார். "தெரியலை" என்றார்.

ஹேன்டல் விட்டத்தைப் பார்த்தார். "நடந்தது நடந்ததுதான்னு யாரோ சொன்னாங்களே" என்று விட்டத்திடம் கேட்டார்.

"நீ உன் வேலையைப் பாரு."

லவ்ரி, அடையாளம் தெரியவில்லை என்று எழுதினாள். அன்றைக்கு ஜாம் புட்டியில் ஊசிகள் அவ்வளவாக விழவில்லை. விருந்து மேசையில் சொல்லிச் சிரிப்பது வேறு. சுவரில் ஏற்றுவது வேறு. பேத்தியின் வகுப்பே பார்க்க வரும். ஒளிந்துகொண்டிருப்பவர் உன் தாத்தாவா என்று கேட்கும். எண்பத்து நான்கு வயதில் முழங்கால் வலியோடு புதன்தோறும் வண்டி ஓட்டுகிற மனுஷனை மறுபடியும் அந்த பஸ்ஸில் ஏற்ற வேண்டுமா? சட்டம் தாங்குகிறவர்களுக்கு, ஹேன்டல் தாங்குவார் என்று எய்ர்வென் தனக்குள் சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டதில் அவருக்கே நம்பிக்கை வரவில்லை.

அடுத்த புதனன்று மூக்குக்கண்ணாடியை வண்டியிலேயே விட்டுவிட்டார். தாழ்வாரத்தில் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பியபோது, மேசைக்கு முன்னால் அவருக்குப் பழக்கமான முதுகு ஒன்று குனிந்து நின்றது. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்திருந்தது. ஒரு கையில் கண்ணாடிக் கூடு. மறு கையில் படத்துக்கான பெயர்த்தாள்.

"யாரு, தெரியலையா?" என்றார் இட்வல் திரும்பாமலே. "கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் என்னை இந்த பஸ்ஸுல ஏத்தி இறக்கறே. இன்னைக்கு ஆள் தெரியலையாமா?"

லவ்ரி இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "நீங்க யாரு சார்?"

"இந்தப் புத்தகத்துக்குப் பின்னால இருக்கறவன்மா."

ஹேன்டல் இருமினார்.

"மெதுவாப் பேசு இட்வல், இது காப்பகம்" என்றார் எய்ர்வென். "சுவத்துல மாட்டப் போறாங்க. பேத்தி வருவா, அவ சிநேகிதிங்க வருவாங்க."

"வரட்டுமே."

"நூறு வருஷம் ஆனாலும் இது இருக்கும்யா."

"இருக்கட்டும். படுத்தவ பேரு இருக்கும், தூக்கினவன் பேரு இருக்கும், டிரைவர் பேருகூட இருக்கும். ஏறினவன் பேரு மட்டும் இருக்கக் கூடாதா? ஒருத்தனும் ஏறலைன்னா நீ எதுக்குடி படுத்தே, தூக்கம் வந்துச்சா?"

எய்ர்வெனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். அன்று பள்ளிக்கூடத்தில் இருந்திருந்தால் இந்த மனுஷன்தான் கரண்டியால் முதலில் மேசையைத் தட்டியிருப்பான் என்று தோன்றியது.

"நான் உன்னைக் காப்பாத்தினேன்."

"யாரு கேட்டா? பஸ்ஸு கதையை இத்தனை வருஷமாச் சொல்றியே. பஸ்ஸு போய்ச் சேந்த இடத்துல என்ன நடந்துச்சுன்னு ஒரு தடவை கேட்டிருக்கியா?"

"நீ சொன்னியா?"

"நீ மூச்சு விட்டாத்தானே நான் சொல்ல."

ஹேன்டல் நாற்காலியைத் தள்ளிக்கொடுத்தார். இட்வல் உட்காரவில்லை. தொப்பியின் விளிம்பை உருட்டிக்கொண்டே சொன்னார்.

"ரெண்டாவது ஊருன்னு நினைக்கிறேன். மண்டபம் நிறைய வெள்ளைக்காரங்க. நாம ஞாயித்துக்கிழமை பாடுவோமே, அந்தக் கீர்த்தனையை எடுத்தோம். பக்கத்துக் கதவு திறந்திருந்துச்சு. தேநீர் கொடுக்க வந்த பொம்பளைங்க, கறுப்பினப் பொம்பளைங்க, தட்டோட அப்படியே நின்னுட்டாங்க. அவங்களுக்கு அந்த மெட்டு தெரியும். அவங்க கோயில்லயும் அதே மெட்டுதான் போல. ஒரு அம்மா கூடவே பாட ஆரம்பிச்சா. நம்ம பாஷை இல்லை. குரல் மட்டும் நம்மோட அச்சா வந்து சேருது. எங்க குழுவுலயே அப்படி ஒரு குரல் கிடையாது. வாசல்ல நின்னவன் வந்து கதவைச் சாத்திட்டான். சாத்தினப்புறமும் அவ பாடிட்டே இருந்தா. கேட்டுச்சு. நான் என் வரியை விட்டுட்டேன். இருக்கிறதிலேயே சுலபமான வரி. பாட்டை நடத்துற மனுஷன் முறைச்சுப் பாத்தான்."

அடுத்த அறையில் யாரோ ஒரு பெட்டியை நகர்த்தினார்கள்.

"இறங்கியிருக்கலாம்தான்" என்றார் இட்வல். "நீ கீழ கிடக்கறே, எங்காளுங்க எல்லாரும் என்னையே பாக்கறாங்க. வெக்கமா இருந்துச்சு. எந்தப் பக்கத்துக்கு வெக்கப்படறதுன்னு தெரியலை. அதான் புத்தகம்."

"இதைப் பதிவு பண்ணிக்கலாமா மிஸ்டர் புரோசர்?" என்று லவ்ரி கேட்டாள். "ஒலிப்பதிவுக் கருவி இருக்கு."

"பாடவும் சொல்லுவியா?"

"பாடினா இன்னும் நல்லது."

"அப்ப அடுத்த புதன். இன்னைக்குத் தொண்டை சரியில்லை. அதோட ஒட்டகச்சிவிங்கியையும் கொண்டாறேன். அதுக்கு ஒரு நல்ல இடம் பாத்துக் கொடு. இவ அதைக் கொட்டகையில ஜெயில்ல போட்டிருந்தா."

"விடுதலை பண்ணியாச்சு இல்ல?" என்றார் எய்ர்வென்.

அவர் உட்கார்ந்து, இட்வலிடமிருந்து கண்ணாடிக் கூட்டை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டார். லவ்ரி கையிலிருந்த அழிப்பானைக் கேட்காமலே எடுத்தார். கண்ணாடித்தாள் உறைக்குள் இருந்த படத்தின் மேலேயே தாளை வைத்து, அடையாளம் தெரியவில்லை என்பதை எழுத்தெழுத்தாக அழித்தார். அந்த இடத்தில், சமையலறைக் கரும்பலகையில் அன்றைய சாப்பாட்டை எழுதிய அதே கொட்டை எழுத்தில், இட்வல் புரோசர், இரண்டாம் டெனர் என்று எழுதினார்.

"நல்ல டெனர்னு போடு" என்றார் இட்வல் தோளுக்கு மேலிருந்து.

"வரியை விட்டவனுக்கு என்ன நல்ல டெனர்?"

ஹேன்டல் சத்தமாகச் சிரித்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டார்.

எய்ர்வென் தாளை எடுத்து லவ்ரியிடம் நீட்டினார். அழித்த தூள் படத்தின்மேல், மூன்றாவது ஜன்னல் பக்கமாகக் குவிந்துகிடந்தது. சுண்டுவிரலால் அதை ஒதுக்கிக் கீழே தள்ளினார். தூள் போய்விட்டது. பிறகும் அந்த விரல் ஜன்னலுக்கே போய், பாட்டுப் புத்தகத்தின் மேல் ஓரத்தில் நின்று, அதைக் கொஞ்சம் தாழ்த்திப் பார்ப்பதுபோல மெல்லக் கீழே இழுத்தது.